இரவல் கொடுத்த வழி

சீன தேசத்தில் சௌ மன்னர்கள் பெயருக்கு ஆண்டுகொண்டிருக்க, அவர்களுக்குக் கப்பம் கட்டுவதாகச் சொல்லிக்கொண்ட சிற்றரசர்கள் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தேர் ஏறினால் அது செரிப்பதற்குள் எல்லை வந்துவிடுகிற அளவில் மியான் என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றால் நாடுதான், அதில் குறை சொல்ல முடியாது. மண்ணால் எழுப்பிய மதில் இருந்தது, முன்னோர் கோயில் இருந்தது, மல்பெரித் தோட்டங்களும் தினை வயல்களும் இருந்தன, பிரபு ஒருவரும் இருந்தார். சிற்றரசர்கள் கூடுகிற சபையில் அந்தப் பிரபுவுக்கு விரிக்கிற பாய் எல்லோருக்கும் பின்னால், குதிரை கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். பலியிட்ட மாட்டின் இறைச்சி கைமாறிக் கைமாறி அவரிடம் வரும்போது எலும்புதான் மிஞ்சியிருக்கும். அந்த எலும்பை அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, ஊருக்குத் திரும்பி, சபையில் தனக்கு நடந்த மரியாதையைப் பற்றிப் பல நாள் பேசுவார்.

மியானுக்குக் கிழக்கே ஒரு காட்டையும் ஓர் ஆற்றையும் தாண்டினால் லின் நாடு. அது மியானைவிடச் சிறியது. எந்தக் காலத்திலோ ஒரு சௌ மன்னர் அண்ணன் தம்பி இருவருக்கு இந்த நிலங்களைப் பிரித்துக் கொடுத்தார் என்றும், அண்ணன் வம்சம் மியான், தம்பி வம்சம் லின் என்றும் சொல்வார்கள். அதனால் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. சாலை வழியாக யார் வந்தாலும் ஊர் வாசலில் ஒருவர் நின்று, சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, "எந்த நாட்டிலேர்ந்து வரீங்க?" என்று கேட்க வேண்டும், வந்தவர் தன் நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். எதிரி வந்தாலும் தண்ணீர் உண்டு, பெயர் சொல்லாவிட்டால் கிடையாது. சாதாரண வழக்கம்தான். அதில் பொய் சொல்ல யாருக்கும் அதுவரை எந்தக் காரணமும் இருந்ததில்லை.

மியானின் மேற்கு எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு மரத்தடுப்பு இருந்தது. அதை ஏற்றி இறக்குகிற பொறுப்பு வழிக்காவலர் கெங்குக்கு. நெடுநெடுவென்று வளர்ந்தவர், அளந்து பேசுபவர், தாடியை எந்நேரமும் ஒழுங்காக வாரி வைத்திருப்பவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் சூயியை லின் நாட்டில் வண்டிச்சக்கரம் செய்கிற ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று செய்தி வந்ததிலிருந்து, போய்ப் பார்க்கணும், போய்ப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வழிக்காவலருக்கு மியானில் ஒரு தனி உரிமை உண்டு. வேற்று நாட்டுப் படைக்கு வழியை இரவல் கொடுப்பதென்றால் பிரபு சம்மதித்தால் மட்டும் போதாது, வழிக்காவலர் தன் கையாலேயே தடுப்பைத் தூக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் வழி இல்லை. அப்படிச் சொன்னவரின் தலை இருக்குமா என்பது வேறு விஷயம். கெங்கின் முன்னோர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார், தலையையும் கொடுத்திருக்கிறார், அவர் பெயருக்கு முன்னோர் கோயிலில் ஒரு பலகை இருந்தது.

மேற்கே இருந்த ஹாவ் நாடு பெரியது. எவ்வளவு பெரியது என்று மியான்காரர்களுக்கு யோசித்துப் பார்க்கவே பிடிக்காது. ஓர் இலையுதிர் காலத்தில் அங்கிருந்து தூதர்கள் வந்தார்கள். வரிசையாகத் தொங்கவிட்டு வாசிக்கிற வெண்கல மணிக்கோவை ஒன்றை, பெரிய மணியிலிருந்து சின்ன மணிவரை ஒன்றுகூடக் குறையாமல், மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மியானின் கோயிலில் மூன்றே மணிகள், அதிலும் ஒன்று விரிசல். அதைச் சொல்லிச் சபையில் சிரித்தவர்களின் முகங்கள் பிரபுவுக்கு மறக்கவில்லை. மணிகளுக்குப் பதிலாக ஹாவ் கேட்டது ஒன்றே ஒன்று, படை கிழக்கே போக வழி.

பிரபு கெங்கைக் கூப்பிட்டனுப்பினார். "வழி மட்டும்தானே கேக்கறாங்க, கெங். வழியை யாராவது சுருட்டி எடுத்துட்டுப் போயிட முடியுமா? நடந்து போவாங்க. அப்புறம் பார்த்தா வழி அங்கேயேதானே கிடக்கும்?"

"எங்கே போறாங்களாம், பிரபுவே?"

"லின்னைத் தாண்டி எங்கேயோ," என்றார் பிரபு, ஒரு மணியை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே.

லின்னைத் தாண்டினால் சதுப்பு நிலம். நாணலும் நாரையும் இருக்கிற இடம். படையெடுத்துப் போய்ப் பிடிக்க வேண்டுமென்றால் தவளைகளைத்தான் பிடிக்க வேண்டும். கெங்குக்கு அது தெரியும். பிரபுவுக்கும் தெரியும். இருவரும் மணியின் ஓசை அடங்கும்வரை ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள், பிறகு கெங் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

படை வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. கிழக்கே ஓர் ஆளை ஓடவிட்டிருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் போய் ஒளிந்துகொள் என்று மகளுக்கு மட்டுமாவது சொல்லியனுப்பியிருக்கலாம். சொன்னது யார் என்று ஹாவ்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார். ஒருவேளை நிஜமாகவே தாண்டித்தான் போகிறார்களோ என்றும் நினைத்தார். தாடியை வாரிக்கொண்டு தடுப்பின் பக்கத்தில் நின்றார், தேர்கள் வந்தன, தூக்கினார். அந்த மரத்தடுப்பு அன்றைக்குக் கொஞ்சம்கூடக் கனக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவருக்கு உடம்பு கூசும்.

சில நாளில் கிழக்கு வானம் கறுத்தது. மியானில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், எல்லோரும் அது மேகம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், சிலர் காயப்போட்ட தினையை அள்ளி உள்ளேகூட வைத்தார்கள். ஹாவ் படை கொள்ளைப் பொருள்களோடு வடக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு தன் ஊர் போய்ச் சேர்ந்தது. பிரபு மணிகளைத் தொங்கவிட்டு வாசிக்கச் சொன்னார். நன்றாகத்தான் வாசித்தார்கள்.

பனி உருகியபோதுதான், இரவல் கொடுத்த வழி திரும்பி வரவில்லை என்பது தெரிந்தது. முதலில் தெரிந்துகொண்டது ஒரு கல்யாண கோஷ்டி. பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய காட்டுவாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையும், அவனோடு மாமாவும் உறவுக்காரர்களும் தெற்குத் தெருவிலிருந்து வடக்குத் தெருவுக்குக் கிளம்பினார்கள், மூலை திரும்பினார்கள், லின் நாட்டின் கரிந்துபோன மேற்கு வாசலில் போய் நின்றார்கள். காடும் இல்லை, ஆறும் இல்லை, கால் வலியும் இல்லை. மூலை திரும்பினால் லின், அவ்வளவுதான். வாசலின் ஒரு கதவு எரிந்து விழுந்துகிடந்தது. உள்ளே கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே பத்திருபது பேர் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு பெண் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கிணற்றுப் பக்கம் போய்ச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, மாமாவுக்கு நேராக நீட்டி, "எந்த நாட்டிலேர்ந்து வரீங்க?" என்று கேட்டாள்.

கெங்கின் மகள் சூயி. அவள் கல்யாணத்தில் இந்த மாமா வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், எரிந்த கதவைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். "சோங் நாடு," என்றார்.

சூயி குடுக்கையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நீட்டினாள். பிறகு, "சோங்ல மழையெல்லாம் எப்படி?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, கேலியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை என்று மாமா பிற்பாடு கள் குடிக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதார். மழை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, தண்ணீரைக் குடித்து, வாத்தை அங்கேயே விட்டுவிட்டு, எல்லோரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். அந்த வழி அவர்களைக் கிளம்பிய வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. கல்யாணம் அன்றைக்கு நடக்கவில்லை.

அதற்குப் பிறகு மியானில் எந்த வழியில் காலை வைத்தாலும் லின்தான். ஆற்றுக்குப் போகிற சாலை, சந்தைக்குப் போகிற தெரு, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓடுகிற சந்து, மாட்டுக் கொட்டிலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை, எதுவானாலும் சரி, நாலு பேர் கால் பட்டுப் பட்டு வழி என்று ஆகிவிட்ட எதுவும் எரிந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. உழுத வயலுக்குள் குறுக்கே விழுந்து போனால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம். ஆனால் அதே இடத்தில் இன்னொருவரும், அவருக்குப் பின்னால் இன்னொருவரும் நடந்து தடம் விழுந்துவிட்டால் அதுவும் வழியாகிவிடும், அதுவும் லின்னுக்குப் போய்விடும். ஏன் இப்படி என்று கேட்டு யாரும் குறி சொல்பவரிடம் போகவில்லை. ஏன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இனி எப்படிப் பிழைப்பது என்பதைத்தான் பேசினார்கள்.

பிழைத்துக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை. பயிரை மிதித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் கோணல்மாணலாக நடக்கக் கற்றுக்கொண்டார்கள்; ஒருவர் மிதித்த இடத்தில் இன்னொருவர் மிதிப்பது மரியாதைக் குறைவு என்றானது. வாசற்கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள், பட்டும் தினையும் கூரை மேல் கைமாறின, செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாமல் அவரவர் புழக்கடையிலேயே புதைத்தார்கள். எதிர்ப்பட்டவரைச் சாப்பிட்டாயா என்று கேட்பது போய், "எதையும் மிதிச்சிடலையே?" என்று கேட்பது வழக்கமானது. பிரபு தன் மாளிகைக்குள் நடக்கப் பலகை போட்டு, அந்தப் பலகைகளைத் தினமும் இடம் மாற்றச் சொன்னார். தடங்களை அழிப்பதற்கென்று ஓர் அதிகாரி வேண்டுமல்லவா? வழிக்காவலர் கெங்கையே நியமித்தார்கள்.

கெங் அந்த வேலையை வெறி பிடித்தவர் மாதிரி செய்தார். விடிந்ததும் மூங்கில் துடைப்பத்தோடு கிளம்புவார், நாடு முழுக்கக் கால்தடங்களைப் பெருக்கிக்கொண்டு, புதிதாகத் தடம் விழுகிற இடங்களில் முள்ளை வெட்டிப் போட்டுக்கொண்டு, குழந்தைகள் ஓடிய இடத்தில்கூட மண்ணைக் கிளறிவிட்டுக்கொண்டு திரிவார். அவருடைய வீட்டுக்குப் பின்னால் மல்பெரித் தோட்டத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது, அவரும் மனைவியும் நடந்து நடந்து உண்டானது. அதில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. அதில் காலையும் வைக்கவில்லை. மற்றவர்களெல்லாம் என்னதான் கவனமாக இருந்தாலும் வருஷத்தில் ஒரு தடவையாவது தவறி மிதித்து லின்னுக்குப் போய் வந்தார்கள். அங்கே போகாத ஒரே ஆள் கெங்தான், மகள் அங்கே இருக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்ல வாய் கூசினாலும். ஒருவர்கூட மியான் என்று சொல்லவில்லை. முதலில் அந்த மாமா சொன்ன சோங்கையே எல்லோரும் சொன்னார்கள். ஒரே ஊரிலிருந்து இவ்வளவு பேர் வருவது நன்றாக இல்லை என்று பட்டதும் வீட்டுக்கு வீடு நாட்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தெற்குத் தெருக்காரர்கள் சோங், குயவர்கள் லூ, பட்டு நூற்கிறவர்கள் சென். குழந்தைகள் பேசக் கற்றுக்கொண்டதும் தாய்மார்கள் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். லூ வீட்டுக்காரர்கள் லூ நாட்டுத் தொப்பியைத் தைத்து இடுப்பில் செருகி வைத்திருந்தார்கள், தவறி மிதித்துவிட்டால் எடுத்துப் போட்டுக்கொள்ள. சூயி எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டாள், கண்டுகொண்டது அவர்களுக்கும் தெரிந்தது, ஆனாலும் அவள் எல்லோரிடமும் சோங்கின் மழையையும் லூவின் விளைச்சலையும் விசாரித்தாள், எல்லோரும் பதில் சொன்னார்கள், எல்லோரும் தண்ணீரைக் குடித்தார்கள். வெட்கம் என்பது தின்றாலும் தீராத பண்டம். அதைத் தின்றுகொண்டே அவர்கள் வீடு திரும்பினார்கள்.

ஹாவ் படையும் ஒருநாள் திரும்பி வந்தது. லின்னை விழுங்கியாயிற்று, இனி மியானையும் விழுங்கிவிடலாம் என்று தேரும் ஈட்டியுமாகக் கிளம்பி, மேற்குச் சாலையில் எல்லைத் தடுப்பைத் தாண்டிக் காலை வைத்ததும், தேரோடு குதிரையோடு லின்னின் எரிந்த வாசலில் போய் நின்றது. சூயி தளபதிக்கும் தண்ணீர் மொண்டு நீட்டி, எந்த நாடு என்று கேட்டாள். "ஹாவ்," என்றார் தளபதி நிமிர்ந்து நின்று. அந்த வாசலில் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான், எரித்தவர். திரும்பிப் போய் மறுபடி வந்தார்கள், மறுபடியும் லின். எத்தனையோ முறை வந்தார்கள். கடைசியில் எரித்த ஊரிலேயே எத்தனை தடவை தண்ணீர் குடிப்பது என்று சிப்பாய்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததால் தளபதி படையைத் திருப்பிக்கொண்டு போனார்.

மியானில் அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். "இவ்வளவு நாள் இதைச் சாபம்னு நினைச்சோமே, இதைவிட நல்ல மதில் எந்த ராஜாவுக்கு இருக்கு?" என்று பிரபு மணிகளுக்கு நடுவில் நின்று கேட்டார், கூரைகளின் மேலும் ஜன்னல்களிலும் நின்ற மக்கள் கைதட்டினார்கள். எவ்வளவு பெரிய நிம்மதி! கெங்கும் கைதட்டினார். அன்று மாலை, கைதட்டிய உள்ளங்கைகளைப் பார்க்கப் பிடிக்காமல், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொண்டாட்டத்தில் விழுந்த தடங்களையெல்லாம் பெருக்கப் போனார்.

வருஷங்கள் போயின. கெங்கின் பக்கத்து வீட்டில் ஜுவான் என்று ஒரு விதவை, தினைக் கள் காய்ச்சி விற்பவள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஒரு வசந்த காலத்து முற்பகலில் அவள் வேலியைத் தாண்டிக் குதித்து, முற்றத்தில் துடைப்பம் கட்டிக்கொண்டிருந்த கெங்கின் முன்னால் வந்து நின்றாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு மிதிச்சிட்டேன்."

கெங் மூங்கிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன நாடு சொன்னே?"

"சென்தான். வேற என்னத்தைச் சொல்ல?" அவள் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் போனதும் உங்க பொண்ணு எல்லார்கிட்டயும் கேக்கறதைத்தான் எங்கிட்டயும் கேட்டா. வர்ற வழியில மியானைத் தாண்டித்தானே வந்தீங்க, அங்க வழிக்காவலர் சௌக்கியமான்னு. எத்தனை வருஷமா கேக்கறா! சௌக்கியம்னு கேள்விப்பட்டேன்னு சொன்னேன். அண்ணே, அவங்க மூட்டை கட்டிட்டிருக்காங்க. கிணறு வத்திப்போச்சாம். மிச்சம் இருக்கிறதே ஏழெட்டுப் பேர். நாளைக்குக் கிளம்பறாங்க. இன்னிக்கு நீங்க போகலைன்னா..."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை? தடத்தைப் பெருக்கறதா?" என்று கத்தினாள் ஜுவான். கத்திவிட்டு, தானும் சென் என்று சொல்லிவிட்டு வந்தவள்தானே என்பது நினைவு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு வேலியேறிப் போய்விட்டாள்.

கெங் துடைப்பத்தைக் கட்டி முடித்தார். அதை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினார். பிறகு எழுந்து, முகம் கழுவி, தாடியை வாரி, புழக்கடைக்குப் போய், புல் முளைத்துக் கிடந்த அந்த ஒற்றையடிப் பாதையின் முன்னால் நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், இத்தனை வருஷமாகப் பெருக்கிக்கொண்டே அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். மியான். நான் மியான். தடுப்பைத் தூக்கினது நான்தான். அவ்வளவுதான், அதற்குமேல் அவள் என்ன செய்தாலும் சரி. காலை வைத்தார்.

எரிந்த வாசலின் நிழலில் சூயி நின்றுகொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கைகள் மட்டும் அப்படியே அவளுடைய அம்மாவின் கைகள். அவளுக்குப் பின்னால் சிலர் பாயையும் சட்டியையும் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். சூயி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பானையைச் சாய்த்து அடியில் கிடந்த தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் வடித்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். தண்ணீர் ஆடியது.

"எந்த நாட்டிலேர்ந்து வரீங்க, ஐயா?"

மற்றவர்களிடம் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். அவர் சொல்வதற்கு அவள் இடம் விட்டுக் காத்திருந்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. அவர் வாயைத் திறந்தார். அவள் கண்ணைப் பார்த்தார்.

"சோங்," என்றார்.

அதைச் சொன்னது தன் நாக்குதான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உடனே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சூயியும் தண்ணீர் ஆடுவது நிற்கும்வரை காத்திருந்தாள். மானம் போனவனுக்கு இன்னொரு வாய்ப்பு இவ்வளவு நீளமாகக் கிடைப்பது அபூர்வம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சோங்ல மழையெல்லாம் எப்படி?"

"நல்ல மழை."

"குடிங்க."

குடித்தார். குடித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக, மூட்டை கட்டுகிறவர்களில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளா என்று தேடினார். இந்நேரம் இடுப்பளவுக்கு வளர்ந்திருப்பாள். எல்லோரும் பெரியவர்களாக இருந்தார்கள். குழந்தை எங்கே என்று கேட்க வாய் வந்தது. அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது சோங் நாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊருக்குப் போறப்ப மியான் வழியாத்தானே போவீங்க?" என்றாள் சூயி. "அங்க மேற்கு எல்லையில வழிக்காவலர் ஒருத்தர் இருக்கார். அவரைப் பார்த்தா ஒண்ணு சொல்லணும்."

"சொல்றேன்."

"நாங்க நாளைக்கு விடியறப்ப தெற்கே கிளம்பறோம். இவங்கெல்லாம் முதல் வருஷமே போயிடலாம்னாங்க. நான்தான் இருங்க, இருங்கன்னு பிடிச்சு வெச்சேன், அவர் வருவார்னு. இருந்ததுல ரொம்பப் பேர் குளிர்ல போயிட்டாங்க." அவள் குடுக்கையின் விளிம்பை விரலால் துடைத்தாள். "திட்டறதுக்காக இல்ல. வந்து நின்னு, மியான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு இருந்தேன். எல்லாரும் சோங், லூ, சென்னுட்டுப் போறாங்க. எனக்கும் அது பொறந்த ஊருதானே, ஐயா. ஒருத்தர் வாயாலயாவது அந்தப் பேரைக் கேக்கணும்னு இருந்தது."

"சொல்லிடறேன்," என்றார் கெங்.

"சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு சூயி குடுக்கையைக் கவிழ்த்து வைத்தாள்.

அவர் திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டையை இறுக்குகிறவர்களின் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன, திரும்பினால் பத்தடி இருக்கும். நாளைக்கு விடியும்போதுதானே கிளம்புகிறார்கள், அதற்கு முன்னால் வந்து சொல்லிவிடலாம், இப்போது சோங் என்று சொன்ன வாயால் உடனே எப்படி மாற்றிச் சொல்வது, காலையில் புதிதாக வந்து முதலிலேயே சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வாழ்நாளில் அவர் நினைத்ததிலேயே கேவலமான நினைப்பு அது, நினைக்கும்போதே அது அவருக்குத் தெரிந்திருந்தது. பாதை அவரைப் புழக்கடையில் கொண்டுவந்து விட்டது.

விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். இருட்டு பிரிகிற நேரத்தில் புழக்கடைக்கு ஓடி, மூச்சு வாங்க, பாதையில் காலை வைத்து நடந்தார். மல்பெரித் தோட்டம் வந்தது. மரங்கள் துளிர்விட்டிருந்தன. அவர் வீட்டுக்குத் திரும்பி மறுபடி நடந்தார். மல்பெரித் தோட்டம்தான் வந்தது.

ஊருக்குள் இரைச்சல் எழுந்தது. யாரோ தவறிச் சாலையில் கால் வைத்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் அலறிக்கொண்டு ஓடிவந்து சொன்னதும் ஆளாளுக்குத் தெருவில் குதித்துப் பார்த்தார்கள், வடக்குத் தெரு வடக்குத் தெருவுக்கே போனது, சந்தைத் தெரு சந்தைக்கே போனது. அடைத்த வாசல்களை உடைத்தார்கள். ஒருவர் மிதித்த இடத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டு கைகோர்த்து ஆடினார்கள், தொப்பிகளைத் தூக்கி எறிந்தார்கள், பிரபுவின் மாளிகையில் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழங்கின. வெகுநேரம் கழித்துத்தான், மேற்குச் சாலையில் புழுதி கிளம்பியிருப்பதை யாரோ பார்த்தார்கள். வழி சரியாகிவிட்டது என்பது ஹாவ்காரர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. தடுப்பை இறக்கச் சொல்லி வழிக்காவலர் வீட்டுக்கு ஆள் ஓடிவந்தது. வீட்டில் யாரும் இல்லை.

கெங் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். புல்லெல்லாம் மிதிபட்டு மண் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் ஜுவான் பட்டுப்புழுவுக்குத் தழை பறித்துக்கொண்டிருந்தாள். அவர் வியர்த்து விறுவிறுத்து வந்து அவள் முன்னால் நின்று, அவள் எதுவும் கேட்காமலே, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "மியான். நான் மியான் நாட்டுக்காரன்," என்றார்.

ஜுவானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நானும்தான், அண்ணே," என்றாள். "நாம எல்லாருமே மியான்தானே. அதுக்கென்ன இப்போ?"

மேற்கே கொம்பு ஊதுகிற சத்தம் கேட்டது. கெங் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். புழக்கடையில் நின்று, தாடியை ஒழுங்குபடுத்திக்கொண்டு, பாதையின் தொடக்கத்தில் மறுபடியும் காலை வைத்தார்.